கண் வெட்டும் பிள்ளையும் புலமைப்பரிசில் பரீட்சையும்

ஆசிரியர் அவர்களுக்கு,

ஐயா,

கடந்த மாதம் தங்கள் பத்திரிகையின் வாசகர் பக்கத்தில், தரம் 4இல் படிக்கும் தன் மகன் ஓயாமல் கண் வெட்டுவதையும் தொண்டையைச் செருமுவதையும் பற்றி ஒரு தாய் எழுதியிருந்தார். கண் வைத்தியரிடம் காட்டியபோது குறையொன்றும் இல்லை என்று சொல்லப்பட்டதாகவும், மற்றப் பிள்ளைகளுக்கு இடைஞ்சல் என்று வகுப்பில் அவனைக் கடைசி வாங்குக்கு மாற்றிவிட்டதாகவும் குறிப்பிட்ட அவர், இது பயத்தினால் வந்த வருத்தமா என்பதை யாராவது விளங்கப்படுத்த வேண்டும் என்று கேட்டிருந்தார். மட்டக்களப்பு மாவட்டப் பாடசாலைகளில் ஆரம்பப் பிரிவு ஆசிரியையாகவும் பின்னர் ஆசிரிய ஆலோசகராகவும் பணியாற்றியவள் என்ற வகையிலும், இத்தகைய பிள்ளைகளின் பெற்றோருக்குத் துணையாகக் கிளினிக்குகளுக்குச் சென்று வைத்தியர்கள் சொன்னவற்றைக் கேட்டறிந்தவள் என்ற வகையிலும் அந்தக் கேள்விக்குப் பதில் எழுத விரும்புகிறேன்.

பயம் இதை உண்டாக்குவதில்லை. ஏற்கெனவே இருப்பதைப் பெருப்பிக்கும். இந்த வேறுபாடு சிறியதாகத் தோன்றலாம். ஆனால் வீட்டிலும் வகுப்பிலும் அந்தப் பிள்ளையை எப்படி நடத்த வேண்டும் என்பது முழுவதும் அதில்தான் தங்கியிருக்கிறது.

வைத்தியர்கள் ‘டிக்’ என்று அழைப்பது, திடீரென்றும் விரைவாகவும் திரும்பத் திரும்ப வருகின்ற, ஒழுங்கான தாளக்கட்டு இல்லாத அசைவுகளையும் ஒலிகளையுமே ஆகும். கண் வெட்டுதல், மூக்கைச் சுளித்தல், வாயைக் கோணுதல், கழுத்தை வெட்டி இழுத்தல், தோளைக் குலுக்குதல் போன்றவை ஒரு வகை. செருமுதல், மூக்கை உறிஞ்சுதல், முனகுதல் போன்றவை மற்றொரு வகை. பெரும்பாலும் 4 வயதுக்கும் 6 வயதுக்கும் இடையில், அதுவும் முகத்திலேதான் தொடங்கும். 10 முதல் 12 வயதளவில் உச்சத்தை அடைந்து, பதின்ம வயதின் பிற்பகுதியில் அநேகருக்கு நன்றாகக் குறைந்துவிடும். ஆரம்ப வகுப்புப் பிள்ளைகளில் ஐந்தில் ஒருவர் வரையில் ஏதோ ஒரு காலத்தில் இப்படிச் சில வாரங்களோ மாதங்களோ கண் வெட்டித் திரிந்தவர்களாக இருப்பார்கள் என்பதை அறிந்தால், அந்தத் தாய்க்குப் பாதிக் கவலை தீர்ந்துவிடும். பல வகை அசைவுகளும், அவற்றோடு குறைந்தது ஓர் ஒலியும் சேர்ந்து, ஓராண்டுக்கு மேல் நீடித்தால் மட்டுமே அதை டுரெட் நோய் என்கிறார்கள்; அது பாடசாலை வயதில் நூற்றுக்கு ஒருவருக்குக்கூட வருவதில்லை. ஆண் பிள்ளைகளிடம் அது மூன்று நான்கு மடங்கு அதிகம். டுரெட் நோய் என்றவுடன் கெட்ட வார்த்தைகளைக் கத்துவதையே பலரும் நினைக்கிறார்கள். உண்மையில் அந்நோய் உள்ளவர்களிலும் பத்தில் ஒருவர் அல்லது அதற்குச் சற்று மேற்பட்டவர்களிடம்தான் அந்தக் குணம் காணப்படுகிறது.

இதன் போக்கில் பெற்றோரை ஏமாற்றக்கூடிய ஒரு தன்மை உண்டு. டிக் ஒரே அளவில் நிற்பதில்லை. சில வாரங்கள் ஏறும், சில வாரங்கள் இறங்கும். கண்ணிலிருந்து போய்த் தோளுக்கு வரும், தோளிலிருந்து போய்த் தொண்டைக்கு வரும். ஏறி உச்சத்தில் நிற்கின்ற நாளில்தான் பெற்றோர் பொறுக்க முடியாமல் எதையாவது செய்கிறார்கள். கண்ணுக்குச் சொட்டு மருந்து விடுகிறார்கள், பூச்சி மருந்து கொடுக்கிறார்கள், கைத்தொலைபேசியைப் பறித்து அலுமாரிக்குள் பூட்டுகிறார்கள், நாவூறு கழிக்கிறார்கள், கோயிலில் நூல் கட்டுவிக்கிறார்கள். அடுத்த இரண்டு வாரத்தில் டிக் தானாகவே இறங்குகிறது. எது கடைசியாகச் செய்யப்பட்டதோ அதற்கே அந்தப் பெருமை போய்ச் சேர்கிறது. பின்னர் தோள் குலுங்கத் தொடங்கும்போது அது புதியதொரு வருத்தம் என்று நினைத்து மறுபடியும் முதலிலிருந்து ஓடுகிறார்கள். கண்ணகி அம்மன் குளிர்த்திச் சடங்குக்குப் பிள்ளையைக் கூட்டிச் செல்வதையோ நூல் கட்டுவதையோ நான் இகழவில்லை. அதனால் தாயின் மனம் ஆறுமானால் பிள்ளைக்கும் நன்மைதான். ஆனால் நாவூறு கழித்தும் நிற்கவில்லை என்பதற்காக, ‘வேணுமென்றுதான் செய்கிறான்’ என்ற முடிவுக்கு வந்து பிரம்பைக் கையிலெடுப்பவர்களோடு எனக்கு உடன்பாடு இல்லை.

வேண்டுமென்று செய்கிறான் என்ற ஐயம் ஏன் வருகிறது என்பதும் விளங்கிக்கொள்ளக்கூடியதே. ‘கண்ணை வெட்டாதே’ என்று அதட்டினால் பிள்ளை சிறிது நேரம் வெட்டாமல் இருக்கிறான்; அப்படியானால் அடக்க முடியும்தானே என்று நாம் கேட்கிறோம். டிக் வருவதற்கு முன், அது வரப்போகும் இடத்தில் ஒருவித இறுக்கமோ கூச்சமோ அரிப்பைப் போன்ற உணர்வோ மேலெழுவதைச் சற்று வளர்ந்த பிள்ளைகள் தாங்களே சொல்வார்கள். நுளம்பு கடித்த இடத்தைச் சொறியாமல் இருப்பதற்கு எவ்வளவு பாடுபட வேண்டுமோ அவ்வளவு பாடுபட்டுத்தான் அந்தப் பிள்ளை அதை அடக்குகிறான். அசைத்துவிட்டால் அந்த உணர்வு சற்றுத் தணியும்; சிறிது நேரத்தில் மீண்டும் வரும். அடக்கி வைத்திருக்கின்ற நேரம் முழுவதும் அவனுடைய கவனத்தின் பெரும் பகுதி அந்த அடக்குதலிலேயே செலவாகிறது. ஆசிரியர் கரும்பலகையில் பின்னம் கற்பிக்கும்போது, வெளிப்பார்வைக்கு அசையாமல் நல்ல பிள்ளையாக இருப்பவன் உண்மையில் பின்னத்தைக் கேட்கவில்லை என்பதை நாம் உணர்வதில்லை. பாடசாலை விட்டு வீட்டுக்கு வந்ததும், அடக்கி வைத்தது எல்லாம் ஒரேயடியாக வெளிப்படும் பிள்ளைகளும் உண்டு. அப்போது ‘எங்களிடம் அவன் ஒன்றும் செய்வதில்லை’ என்று ஆசிரியர் சொல்ல, ‘அப்ப வீட்டிலதான் ஏதோ குறையாக்கும்’ என்று மாமியார் மருமகளைப் பார்க்க, ஒரு குடும்பத்தில் இல்லாத சண்டையெல்லாம் வந்து சேர்வதை நான் கண்டிருக்கிறேன்.

தாயின் வளர்ப்பில் குறை என்று சொல்வது நமது ஊர்களுக்கு மட்டும் உரியதன்று. 1885ஆம் ஆண்டு பாரிஸ் நகரில் ஜோர்ஜ் ஜில் டி லா டுரெட் என்ற வைத்தியர் ஒன்பது நோயாளிகளைப் பற்றி விவரித்து எழுதியபோது இது நரம்பு மண்டலம் சார்ந்த, குடும்பவழி வருகின்ற ஒன்று என்றே கருதினார். ஆயினும் 20ஆம் நூற்றாண்டின் முதற்பாதியில் மேலைநாட்டு உளவியலாளர் பலர், அடக்கப்பட்ட ஆசைகளும் பெற்றோரின் கண்டிப்புமே காரணம் என்று எழுதி, எத்தனையோ தாய்மாரைக் குற்றவாளிக் கூண்டில் ஏற்றினார்கள். 1960களில், மூளையில் வேலை செய்கின்ற ஹலோபெரிடோல் என்ற மருந்து டிக்கைக் குறைப்பது தெரியவந்த பின்னரே அந்தப் போக்கு மாறியது. அசைவுகளைத் தொடக்குவதையும் நிறுத்துவதையும் ஒழுங்குபடுத்துகின்ற, மூளையின் உட்பகுதியிலுள்ள அடித்தள முடிச்சுகளுக்கும் மேற்பட்டைக்கும் இடையே ஓடும் நரம்புச் சுற்றுகளில் உள்ள மாறுபாடே இதன் அடிப்படை என்பதும், டோபமின் என்ற இரசாயனத்துக்கு அதில் பங்கு உண்டு என்பதும், பரம்பரைத் தொடர்பு வலுவானது என்பதும் இன்று பரவலாக ஏற்கப்பட்டவை. பிள்ளையின் தகப்பனிடமோ மாமனிடமோ சாவகாசமாகக் கேட்டுப் பாருங்கள். சின்ன வயதில் தானும் கழுத்தை வெட்டித் திரிந்து அடி வாங்கியதாகச் சிரித்துக்கொண்டே சொல்வார்.

இனிப் பயத்துக்கும் இதற்கும் உள்ள தொடர்புக்கு வருகிறேன். பதற்றம், களைப்பு, நித்திரைக் குறைவு ஆகிய மூன்றும் டிக்கைக் கூட்டும். பதற்றம் என்றால் கவலை மட்டுமே என்று கொள்ளக் கூடாது. திருவிழாவுக்கு முதல்நாளும், புத்தாடை வாங்கப் போகும் நாளும், கிரிக்கெட் இறுதியாட்டம் நடக்கும் நாளும் பிள்ளை கூடுதலாகக் கண் வெட்டுவான். மகிழ்ச்சியான பரபரப்பும் உடலுக்குப் பரபரப்பே. அதேவேளை மனம் முழுவதும் ஒன்றில் ஈடுபட்டிருக்கும்போது டிக் கணிசமாகத் தணிந்துவிடும். வகுப்பறையில் நிமிடத்துக்கு நிமிடம் தோளைக் குலுக்கிய ஒரு பையன், வசந்தன் கூத்துப் பழக்கத்தில் கோலடித்து ஆடிய நேரம் முழுவதும் ஒரு தரம்கூடக் குலுக்காமல் ஆடியதைப் பார்த்துக் கூத்துப் பழக்கிய அண்ணாவியார் வியந்தார். அங்கேயும் பல பேர் பார்த்துக்கொண்டுதான் இருந்தார்கள். ஆனால் அவர்கள் அவனுடைய தோளைப் பார்க்கவில்லை, ஆட்டத்தைப் பார்த்தார்கள். டிக்கைப் பற்றிப் பேசினாலே டிக் வரும், யாரோ கவனிக்கிறார்கள் என்று தெரிந்தாலே கூடும். ஆகவே ‘வெட்டாதே’ என்ற அதட்டல் பிள்ளையின் கவனத்தை அந்த இடத்துக்கே இழுத்து, அதற்கு மேல் பயத்தையும் சேர்த்துவிடுகிறது. பயந்தவன் கூடுதலாக வெட்டுகிறான். கூடுதலாக வெட்டுவதால் கூடுதலாக ஏச்சு வாங்குகிறான். வகுப்பில் நையாண்டி செய்யும் ஒரு பிள்ளை இருந்துவிட்டால், அங்கே இனியும் சொல்ல வேண்டியதில்லை.

இன்னொரு தொடர்பும் உண்டு. நீடித்த டிக் உள்ள பிள்ளைகளில் பலருக்கு, அதோடு சேர்ந்து கவனக்குறைவும் துருதுருப்பும் மிகுந்த நிலையோ, ஒரே எண்ணமும் ஒரே செயலும் திரும்பத் திரும்ப வந்து வருத்துகின்ற நிலையோ, மிகையான பதகளிப்போ இருக்கின்றன. கண்ணுக்குத் தெரிவதால் நாம் டிக்கைப் பிடித்துக்கொண்டு நிற்கிறோம். பிள்ளையை உள்ளே அரித்துக்கொண்டிருப்பது மற்றதாக இருக்கலாம். கதவு பூட்டியதா என்று இரவில் எழுந்து எழுந்து பார்க்கும் பிள்ளையிடம் கண் வெட்டுவதைப் பற்றி மட்டும் விசாரிப்பதில் பயன் இல்லை.

நமது கிழக்கு மாகாணத்தில் இந்த விடயம் மேலும் குழம்பிப் போயிருப்பதற்கு ஒரு காரணம் உண்டு என்பது என் தனிப்பட்ட கருத்து. 2004 டிசம்பர் 26இல் வந்த கடல்கோளுக்குப் பின் உளவளத் துணை என்ற பெயரில் எத்தனையோ பயிற்சிகளும் செயலமர்வுகளும் இங்கே நடந்தன. அவற்றால் பலர் நன்மையடைந்தார்கள் என்பதில் ஐயமில்லை. ஆனால் பிள்ளையிடம் காணப்படும் எந்த மாறுபாட்டையும் ‘அதிர்ச்சி’ என்றோ ‘மன அழுத்தம்’ என்றோ சொல்லி முடித்துவிடும் பழக்கமும் அவற்றோடு வேரூன்றிவிட்டது. யுத்தத்தையும் கடல்கோளையும் காணாத இன்றைய 9 வயதுப் பிள்ளை கண் வெட்டினால்கூட, அவன் எதைக் கண்டு பயந்தான் என்று துருவித் துருவிக் கேட்கிறார்கள். எதையும் கண்டு பயப்படாத பிள்ளை, இத்தனை பேர் கேட்பதனால், தனக்கு ஏதோ பெரிய வருத்தம் என்று பயப்படத் தொடங்குகிறான்.

நான் குறிப்பாகச் சொல்ல விரும்புவது தரம் 5 பிள்ளைகள் எழுதும் புலமைப்பரிசில் பரீட்சையைப் பற்றியே. டிக் உச்சத்தை அடைவது 10 முதல் 12 வயதளவில் என்று மேலே குறிப்பிட்டேன். நமது நாட்டில் பிள்ளையின் வாழ்வில் முதற்பெரும் பதற்றத்தை நாம் கொண்டுவந்து வைத்திருப்பதும் சரியாக அந்த 10 வயதில்தான். விடியற்காலையில் எழுப்பி ஒரு ரியூசன், பாடசாலையில் மேலதிக வகுப்பு, மாலையில் இன்னொரு ரியூசன், இரவில் மாதிரி வினாத்தாள் என்று நித்திரையைப் பறித்து, 200 புள்ளிகளில் எத்தனை என்று ஒவ்வொரு வாரமும் கணக்குப் பார்க்கிறோம். சந்திகளில் சித்தியடைந்த பிள்ளைகளின் படங்களைப் பெரிய பதாகைகளில் தொங்கவிடும் வழக்கம் யாருடைய மகிழ்ச்சிக்காக வந்தது என்பதை நான் இங்கே ஆராயப் போவதில்லை. பரீட்சைதான் டிக்கை உண்டாக்குகிறது என்று நான் சொல்லவில்லை. பரீட்சை இல்லாத நாடுகளிலும் இதே வயதில் இது உச்சத்துக்கு வருகிறது. ஆனால் தானாகவே ஏறுகின்ற காலத்தில் நித்திரைக் குறைவையும் பயத்தையும் களைப்பையும் அதன் மேல் ஏற்றுவது நாங்களே. தரம் 5இல் கண் வெட்டுதல் கூடிவிட்ட பிள்ளைக்கு, மற்றவற்றை எல்லாம் விட்டாலும், ஒன்பது மணி நேர நித்திரையை மீட்டுக் கொடுத்துப் பார்க்குமாறு பெற்றோரைக் கேட்டுக்கொள்கிறேன்.

சிகிச்சையைப் பற்றியும் சில சொல்ல வேண்டும். டிக்கினால் பிள்ளைக்கு நோவோ, படிப்பில் இடையூறோ, மனக்கவலையோ இல்லையென்றால் ஒன்றும் செய்யாமல் கவனித்துக்கொண்டிருப்பதே போதும் என்று வைத்தியர்கள் சொல்கிறார்கள். அதைக் கையாலாகாத பேச்சு என்று பெற்றோர் எண்ணிவிடக் கூடாது. இடையூறு இருந்தால் முதலில் பரிந்துரைக்கப்படுவது மருந்து இல்லை, பயிற்சி. டிக் வரப்போகிறது என்பதை முன்னுணர்வின் மூலம் பிள்ளை கண்டுகொள்ளவும், அந்த நேரத்தில் அதற்கு எதிரான, வெளியே தெரியாத ஓர் அசைவைச் செய்யவும் பழக்குவதே அதன் உள்ளடக்கம். தோளைக் குலுக்கும் பிள்ளை முழங்கையை உடலோடு மெதுவாக அழுத்தி வைத்திருப்பது ஓர் உதாரணம். 1973இல் அஸ்ரினும் நன்னும் வகுத்த முறையை அடியாகக் கொண்டு விரிவாக்கப்பட்ட இந்தப் பயிற்சி, 2010இல் அமெரிக்காவில் 126 பிள்ளைகளிடம் பரிசோதிக்கப்பட்டபோது, பயிற்சி பெற்றவர்களில் பாதிக்கு மேற்பட்டோர் தெளிவான முன்னேற்றம் கண்டார்கள். ஆறுதலும் விளக்கமும் மட்டும் பெற்ற மற்றக் குழுவில் அது ஐந்தில் ஒரு பங்கைக்கூட எட்டவில்லை. எதில் டிக் கூடுகிறது என்று பார்த்து வீட்டையும் வகுப்பையும் சரிசெய்வதும் அந்தப் பயிற்சியின் ஒரு பகுதியே என்பதைக் கவனிக்க வேண்டும். கடுமையான நிலையில் குளோனிடின், ரிஸ்பெரிடோன் போன்ற மருந்துகள் உண்டு. அவற்றை விசேட வைத்தியர் மட்டுமே தீர்மானிக்க வேண்டும். ‘நரம்புத் தளர்ச்சி’க்கு என்று கடைகளில் விற்கப்படும் சத்து மாத்திரைகளுக்கு இங்கே வேலை இல்லை.

எல்லா அசைவும் டிக் ஆகிவிடாது. அசைவின்போது பிள்ளை நினைவிழந்து வெறித்துப் பார்த்தாலோ, உடல் விறைத்தாலோ, அது வலிப்பாக இருக்கலாம். தொண்டை நோவும் காய்ச்சலும் வந்து போன சில வாரங்களின் பின், அல்லது சில மாதங்களின் பின்கூட, கைகால்கள் ஓர் ஒழுங்கின்றி ஆடி அலைந்து, கையெழுத்துக் கெட்டு, கையில் இருக்கும் கோப்பை நழுவி விழத் தொடங்கினால், அது இருதய வால்வுகளைப் பாதிக்கக்கூடிய வாதக் காய்ச்சலின் அடையாளமாக இருக்கலாம். உடனே வைத்தியசாலைக்குச் செல்ல வேண்டும். பதின்ம வயதில், அதுவரை எதுவுமே இல்லாத பிள்ளைக்கு ஒரு சில நாட்களுக்குள் மிகக் கடுமையான அசைவுகள் தோன்றினால் அதுவும் வேறுவிதமாகப் பார்க்கப்பட வேண்டியது. கொவிட் பெருந்தொற்றுக் காலத்தில் பல நாடுகளில் பதின்ம வயதுப் பெண்பிள்ளைகளிடம் இது கூடியதை வைத்தியர்கள் பதிவு செய்தார்கள். அங்கே பதகளிப்புக்கும் அசைவுக்கும் உள்ள தொடர்பு நெருக்கமானது. ஆயினும் அதுவும் நடிப்பு ஆகிவிடாது.

முதலில் குழந்தை நல வைத்தியரிடம் காட்டுவதே நல்லது. மட்டக்களப்பு போதனா வைத்தியசாலையிலும் கல்முனை, களுவாஞ்சிகுடி போன்ற இடங்களிலுள்ள ஆதார வைத்தியசாலைகளிலும் உளநலப் பிரிவுகள் இயங்குகின்றன. அந்தப் பிரிவின் வாசலில் தெரிந்தவர் யாராவது கண்டுவிடுவார்களோ என்று அஞ்சி, மட்டக்களப்பு வாவியின் மேற்குப் புறமான படுவான்கரையிலிருந்து கொழும்பு வரை பிள்ளையைக் கொண்டுபோகும் குடும்பங்களை நான் அறிவேன். செலவும் அலைச்சலும் மட்டுமே அதில் மிச்சம். 1926 என்ற தேசிய உளநல உதவி இலக்கத்துக்கு வீட்டிலிருந்தே அழைத்து ஆலோசனை கேட்கவும் முடியும்.

வகுப்பாசிரியர்களுக்கும் அதிபர்களுக்கும் ஒரு வேண்டுகோள். கடைசி வாங்கில் தனியே இருத்துவது தண்டனையாகவே பிள்ளைக்குப் படும். விரும்பினால் கதவருகே இடம் கொடுத்து, கேட்காமலே சிறிது நேரம் வெளியே போய்வர அனுமதிப்பது வேறு. அங்கே முடிவு பிள்ளையினுடையது. பிள்ளையினதும் பெற்றோரினதும் சம்மதத்தோடு, ‘இவனுக்குச் செருமல் தானாக வருகிறது, நீங்கள் கவனிக்காமல் விட்டால் போதும்’ என்று வகுப்பில் ஒரே ஒரு தடவை அமைதியாகச் சொல்லிவிட்டால் நையாண்டி பெரும்பாலும் ஓய்ந்துவிடும்.

பரீட்சை மண்டபத்தின் அமைதியில் செருமலை அடக்கிக்கொண்டு விடை எழுதும் பிள்ளை, மற்றவர்கள் செலவிடாத ஓர் உழைப்பைச் செலவிடுகிறான். விசேட தேவையுடைய பரீட்சார்த்திகளுக்கு மேலதிக நேரம் போன்ற சலுகைகளை வழங்கும் ஏற்பாடு பரீட்சைத் திணைக்களத்தில் உண்டு. கடுமையான டிக் உள்ள பிள்ளைகளுக்கும் தனியறையோ மேலதிக நேரமோ கிடைக்க வேண்டும் என்பதைக் கல்வி வலயங்கள் எழுத்தில் திணைக்களத்தின் கவனத்துக்குக் கொண்டுவர வேண்டும். அதிபர்கள் விண்ணப்ப காலத்திலேயே பெற்றோரை அழைத்து, விசேட வைத்தியரின் சான்றிதழைப் பெற்று இணைத்து அனுப்ப வேண்டும். பரீட்சைக்கு முதல்வாரத்தில் ஓடித் திரிவதில் பயன் இல்லை. மண்டபப் பொறுப்பாளர்களுக்கு நடத்தப்படும் முன்கூட்டங்களில், செருமுகின்ற பிள்ளையின் அருகே போய் நின்று முறைத்துப் பார்க்க வேண்டாம் என்ற ஒரு வரியையாவது சேர்க்குமாறு வலயக் கல்விப் பணிப்பாளர்களைத் தங்கள் பத்திரிகை வாயிலாகக் கேட்டுக்கொள்கிறேன்.

இப்படிக்கு,
ஓய்வுபெற்ற ஆசிரிய ஆலோசகர் (ஆரம்பப் பிரிவு),
களுவாஞ்சிகுடி.